ஏற்காட்டு மலை நடைக்குத் தலைக்கு 4000 ரூபாய்: எதை வாங்குவது, எதை விடுவது, எப்படிச் சோதிப்பது

கேள்வி இதுதான்: சேலத்தில் படிக்கும் நான்கு நண்பர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மாதம் ஒருமுறை நடக்க ஆசை. ஆளுக்கு 4000 ரூபாய்தான் கையில். ஷூ, ஜாக்கெட், பை, டென்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இதற்குள் அடங்குமா? எங்கே வாங்குவது?

அடங்கும், டென்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் விட்டுவிட்டால். காப்புக்காட்டுக்குள் இஷ்டத்துக்கு இரவு தங்க முடியாது. காட்டுக்கு வெளியே ஏற்காட்டில் பெரும்பகுதி தனியார் காபித் தோட்டம். அங்கேயும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல் கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாகப் பதிவு செய்து வழிகாட்டியோடு போவதே முறையான வழி. அதில் உள்ளவை பெரும்பாலும் பகலுக்குள் முடிகிற நடைகள். காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவருக்கு எதற்கு டென்ட்? எப்போதாவது அனுமதி பெற்ற முகாமில் ஓர் இரவு தங்க நேர்ந்தால் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மலிவு டென்ட் வாங்கினால் இரண்டாவது மழையிலேயே ஃபைபர் கம்பி பிளந்துவிடும்.

அடுத்து குளிர். இமயமலைக்குப் போகிறவர்கள் போடும் பட்டியலைப் பார்த்துப் பயந்து வாங்கினால் காசு போகும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர் சொச்சம். 1000 மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, கீழே 22 டிகிரி இருக்கும் விடியற்காலையில் மேலே 14 வாக்கில் இருக்கும். நடக்க ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் அந்தக் குளிர் தெரியாது. தெரியப்போவது மூன்று இடங்களில்: பைக்கில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது முகத்தில் அடிக்கும் காற்று, மேட்டில் உட்கார்ந்து சாப்பிடும் நேரம், நனைந்தபின் வீசும் காற்று. இந்த மூன்றில் மூன்றாவதுதான் ஆளைப் படுக்க வைக்கும். அதனால் கனமான ஜாக்கெட்டுக்குப் போகிற காசை மழைக்கும் காலுக்கும் திருப்புங்கள்.

4000 ரூபாயை இப்படிப் பிரிக்கலாம்: ஷூவுக்கு 1500, மழைச்சட்டைக்கு 700, இரண்டு டி-சர்ட், ஒரு பேண்ட்டுக்கு 800, சாக்ஸுக்கும் ஷூவுக்குள் வைக்கும் உள்தகட்டுக்கும் 350, தலையில் கட்டும் விளக்குக்கு 300. மீதி 350 பழுதுபார்க்க. முதுகுப்பைக்கு ஒன்றும் ஒதுக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஷூவில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சேர்வராயன் மேட்டில் செம்மண்ணும் பாக்சைட் கலந்த சரளையும். காய்ந்திருக்கும்போது சரளை உருளும், நனைந்தால் செம்மண் சவுக்காரம் போல வழுக்கும். ஓட்டப்பயிற்சி ஷூவின் அடி தட்டையாக, பள்ளம் ஆழமில்லாமல் இருக்கும். ஈரச் செம்மண் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிட்டால், பிறகு நீங்கள் நடப்பது மண் மேல் மண்ணாக. அடியில் குமிழ்கள் தனித்தனியாக, குறைந்தது 4 மில்லிமீட்டர் உயரத்தில், நடுவே மண் உதிர இடம் விட்டு இருக்க வேண்டும். ஸ்கேல் எடுத்துப்போய் அளந்தே பாருங்கள். கிளியூர் அருவிப் பக்கம் பாசி பிடித்த பாறையில் மட்டும் எந்த ஷூவையும் நம்ப வேண்டாம்.

1500-க்குள் இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, டெக்கத்லானின் க்வெச்சுவா போல ஆரம்பநிலை மலைநடை ஷூ. அதன் அடித்தளம் மலைக்கென்றே செய்தது, உள்ளே மெத்தையும் போதும். இரண்டு, கேன்வாஸ் மேல்பகுதியும் கணுக்கால் உயரமும் உள்ள ஹண்டர் ஷூ. ராணுவ, காவல்துறைச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். அடியும் பக்கச்சுவரும் ஒரே ரப்பர் வார்ப்பாக வரும் ரகம் பிரியாமல் உழைக்கும், விலையும் குறைவு. குறை என்னவென்றால் உள்தகடு அட்டை போல இருக்கும். எட்டு கிலோமீட்டர் தாண்டினால் குதிகால் வலிக்கும். 150, 200 ரூபாயில் கிடைக்கும் தனி உள்தகடு ஒன்றை வைத்தால் சரியாகிவிடும். ஆனால் அந்தத் தகடு இடத்தை எடுத்துக்கொள்ளும், எனவே ஷூ வாங்கும்போதே அதை உள்ளே வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய ஷூவுக்கு இந்த விலையில் ஆசைப்பட வேண்டாம். மழைத் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும். இறங்கியது வெளியேற வழியில்லாமல் கால் நாள் முழுக்க ஊறும். ஊறிய தோல்தான் கொப்புளிக்கும். நனைந்தாலும் நடக்க நடக்கக் காயும் வலைத்துணி ஷூ நம் மலைக்குப் பொருந்தும்.

அளவு பார்க்கச் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று உப்பியிருக்கும், மலையிலும் அப்படித்தான் ஆகும். நடைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். நாடாவைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு இறுக்கிக் கட்டி, கடையின் மாடிப்படியில் வேகமாக இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அரை அளவு கூட்டுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பாதையில் இந்த இடி ஆயிரக்கணக்கான தடவை விழும், நகம் கறுத்துப்போவது இதனால்தான். ஏறும்போது குதிகால் தூக்கினால் ஷூ பெரிதென்று முடிவுகட்ட வேண்டாம்; மேலே கடைசி இரண்டு துளைகளில் நாடாவை வளையமாக விட்டு, எதிர்நாடாவை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது.

ஒட்டுப் பிரிவதுதான் மலிவு ஷூவின் பெரிய வியாதி. வாங்கும்போதே முன்நுனியை மேல்நோக்கி வளைத்து, மேல்துணியும் அடியும் சேரும் கோட்டைப் பாருங்கள். நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். அடிப்பகுதி மேலே ஏறி வந்து சுவர்போல் சுற்றியிருந்தால், செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து முதல் நாளே சுற்றுத்தையல் போட்டுவிடலாம். ஷூவின் ஆயுள் கூடும். சுவர் இல்லாத தடித்த ஃபோம் அடியில் தையல் பிடிக்காது, அறுத்துக்கொண்டு வரும். அங்கே ரப்பர் பசைதான். இரண்டு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, இரண்டிலும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் அழுத்தி, சைக்கிள் ட்யூப்பால் சுற்றிக் கட்டி ஒரு நாள் வையுங்கள். அவசரத்துக்கு ஃபெவிக்விக் விடுவது கூடாது. அது கண்ணாடி போல இறுகும், ஷூவோ ஒவ்வோர் அடிக்கும் வளையும். முதல் கிலோமீட்டரிலேயே மறுபடி பிரியும்.

சாக்ஸ் முழுப் பருத்தியாக இருந்தால் வியர்வையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர், நைலான் கலந்து, கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறுவதாக இரண்டு ஜோடி எடுங்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒன்றைப் பையில் வைத்து, மதியம் மாற்றுங்கள். குதிகால் சூடாகத் தெரிந்த உடனே நின்று மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பை ஒட்டுங்கள். கொப்புளம் எழும்பியபின் ஒட்டிப் பயனில்லை.

துணி விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்குக் கிடைத்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. ரயிலேறினால் ஈரோடு, அதே வழியில் திருப்பூர். திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியதும், சிறு பழுதால் தள்ளப்பட்டதும் அங்கே குவிந்து கிடக்கும். நான்கு பேரும் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் ரயில் செலவு பெரிதாகத் தெரியாது. ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலாவது, அங்கே 'ஃப்ளீஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் உள்பக்கம் சொரசொரப்பாகச் சீவிய பருத்தித் துணியைத்தான் காட்டுவார்கள். பனியன் தொழிலில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். கல்லூரிக்குப் போட்டுப்போக அருமையான துணி. மலையில் நனைந்தால் ஒரு கிலோ கனத்தோடு மேலே தொங்கும், மறுநாளும் காயாது. மலைக்கு வேண்டியது 'போலார் ஃப்ளீஸ்'. இரண்டு பக்கமும் கம்பளிபோல் பொசுபொசுவென்று இருக்கும் பாலியெஸ்டர். 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) எடையில் ஒன்று இருந்தால் ஏற்காட்டுக்குத் தாராளம். வீட்டில் பழைய ஸ்வெட்டர் இருந்தால் இதையும் வாங்க வேண்டியதில்லை, அதனால்தான் மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாவது, இது என்ன நூல் என்று கடைக்காரர் சொல்வதை விடக் கை சொல்வது மேல். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பருத்தியில் உடனே ஊறி அங்கேயே திட்டாக நிற்கும். நல்ல விளையாட்டுத் துணியில் ஊறிப் பரவும். மலிவான பாலியெஸ்டரில் முத்தாக உருண்டு ஓடும். அதைப் போட்டால் வியர்வையும் அப்படியே உடம்பில் வழியும். சந்தேகம் தீரவில்லையென்றால் உள்தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கிள்ளி வந்து வெளியே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசமும் பொடிச் சாம்பலும் என்றால் பருத்தி. உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். முடி கருகிய நாற்றம் அடித்தால் கம்பளி.

மூன்றாவது, தள்ளுபடிச் சரக்கு ஏன் தள்ளப்பட்டது என்று கண்டுபிடியுங்கள். சாயம் ஓர் இழை மாறியிருப்பது, அச்சு கோணலாக விழுந்தது, நெஞ்சளவு ஓர் அங்குலம் கூடியது எல்லாம் மலைக்கு ஒரு குறையே இல்லை, தைரியமாக எடுக்கலாம். ஊசி ஓட்டை அப்படியில்லை. பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணிபோல் பிரிந்துகொண்டே போகும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தோள், அக்குள் தையல் ஓரங்களைப் பாருங்கள். தோளிரண்டையும் பிடித்துத் தொங்கவிடும்போது பக்கத்தையல் வயிற்றுப் பக்கம் சுற்றிவந்தால், ஒவ்வொரு சலவைக்கும் இன்னும் முறுக்கிக்கொள்ளும். ஐரோப்பிய அளவில் தைத்த 'எம்' நம் ஊர் 'எம்'மை விடப் பெரிது. எழுத்தைப் பார்க்காமல் நெஞ்சளவை நாடாவால் அளந்து வாங்குங்கள்.

திருப்பூர் போக நேரமில்லையா? ஈரோட்டுக் கனி மார்க்கெட்டின் வாரச்சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் நடக்கும். அங்கே ஈரிழைத் துண்டு நான்கு எடுத்து வாருங்கள். 'விரைவில் காயும் மலைநடைத் துண்டு' என்று பல மடங்கு விலையில் விற்கிறார்களே, அந்த வேலையை ஈரிழைத் துண்டு நம் தாத்தா காலத்திலிருந்தே செய்கிறது. கழுத்தில் சுற்றலாம், தலையில் கட்டலாம், பிழிந்து உதறினால் அரை மணியில் காய்ந்துவிடும். டர்க்கித் துண்டு அன்று முழுக்க ஈரமாகவே கிடக்கும்.

பருத்தியே கூடாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது பனிமலைக்காரர்கள் பேச்சு. பருத்தி தன் எடையில் 8 சதவீதம் வரை காற்றின் ஈரத்தையே உறிஞ்சிவைக்கும், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. வெயிலடிக்கும் நாளில் அடிவாரத்திலிருந்து ஏறும்போது துணி பிடித்துவைக்கும் வியர்வை ஈரம் ஆவியாகித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, மெல்லிய பருத்திச் சட்டை தாராளமாகப் போடலாம். நவம்பர் மழையிலும், மேலே சேர்வராயன் கோயில் பக்கத்துக் காற்றிலும் அதே ஈரம் பகையாகிவிடும். இரண்டு டி-சர்ட்டில் ஒன்று பாலியெஸ்டராக இருக்கட்டும். மேலே போய் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நெருப்புக்குப் பக்கத்தில் பாலியெஸ்டரும் நைலானும் வேண்டவே வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பேண்ட்டுக்கு ஜீன்ஸ் கூடாது. நனைந்தால் முழங்கால் மடங்காது. பின்னல் துணி டிராக் பேண்ட்டை உண்ணிச்செடி முள் இழுத்து இழுத்து நூல் பிரித்துவிடும், அந்தச் செடி இந்த மலை முழுக்க இருக்கிறது. நெய்த பாலியெஸ்டர் அல்லது டெரிகாட்டன் பேண்ட் எடுங்கள். பழைய பள்ளிச் சீருடைப் பேண்ட் சரியாக இருந்தால் அதுவே போதும். உட்கார்ந்து எழும்போது கவட்டில் பிடித்தால், தையற்காரரிடம் கொடுத்து அங்கே ஒரு வைரவடிவத் துண்டு சேர்க்கச் சொல்லுங்கள். சின்ன வேலை, ஆனால் பெரிய படி ஏறும்போது பேண்ட் கிழியாமல் காப்பது அதுதான்.

மழைச்சட்டை. வண்டிக்கு வாங்கிய ரெயின்கோட் இருக்கிறதென்றால் அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் மேலும் விரல் அகலத்தில் பளபளப்பான டேப் ஒட்டியிருந்தால் அது தாங்கும். டேப் இல்லையென்றால் ஊசி போன துளை ஒவ்வொன்றும் ஒழுகும், துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. சட்டைக் கையை முடிச்சுப் போட்டு அதில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் தொங்கவிட்டால் உண்மை தெரிந்துவிடும். தடித்த பி.வி.சி. கோட் மழையை நிறுத்தும், ஆனால் ஏறும்போது உள்ளே வியர்வையால் நனைவீர்கள். பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுள்ள மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர், முன்பக்கம் முழு ஜிப், அக்குளில் காற்றோட்டம். இந்த மூன்றும் பார்த்து 700-க்குள் மேல்சட்டை மட்டும் வாங்குங்கள். மழைப்பேண்ட் வேண்டாம், கவட்டில் கிழிவது முதலில் அதுதான். 'வாட்டர் ரிப்பெல்லன்ட்' என்றால் தூறலுக்கு மட்டும்; வடகிழக்குப் பருவமழைக்கு அது காணாது. தோட்டச் சாலைகளில் சாதாரண குடைக்கு ஈடாக எதுவுமில்லை, திறந்த மேட்டில் மட்டும் அதை மடக்கிவிடுங்கள். இடி இடித்தால் மேட்டிலிருந்தே இறங்கிவிடுங்கள்.

முதுகுப்பைக்கு வருவோம். ஒரு நாள் நடைக்கு என்ன சுமக்கிறீர்கள்? 2 லிட்டர் தண்ணீர், சாப்பாடு அரை கிலோ, ஸ்வெட்டர், மழைச்சட்டை, மாற்று டி-சர்ட், விளக்கு. கூட்டினால் 4 கிலோ. உங்கள் கல்லூரிப் பை இதைவிடக் கூடுதலாகவே தினமும் சுமக்கிறது. பை தைக்கும் கடையில் கொடுத்து இரண்டு வேலை செய்துகொள்ளுங்கள்: தோள்பட்டை மேலே சேரும் இடத்தில் சதுரம் தைத்து நடுவே பெருக்கல்குறித் தையல், இடுப்பில் ஓர் அங்குல பெல்ட் நாடாவும் பிளாஸ்டிக் பக்கிளும். இடுப்பு நாடா இந்த எடைக்குச் சுமை தாங்க அல்ல, இறங்கும்போது பை ஆடாமல் இருக்க. மழைக்கு வெளி உறை வாங்க வேண்டாம், முதுகுப் பக்கம் எப்படியும் ஒழுகும். பெரிய குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, சாமான்களை அதற்குள் வைத்து வாயை முறுக்கிச் செருகுங்கள். ஓடையில் விழுந்தாலும் உள்ளே நனையாது.

ஜிப் பிரிந்துகொண்டே போகிறதென்று பையைத் தூக்கிப் போடாதீர்கள். பல் தேய்வது அபூர்வம், தேய்வது ரன்னர். ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அதே எண், அதே பல் வகையில் ரன்னர் மாற்றினால் சில்லறைச் செலவோடு முடிந்தது. மலையில் நடுவழியில் பிரிந்தால், ரன்னரின் இரண்டு பக்கத் தகட்டையும் குறடால் மெல்ல அழுத்துங்கள், வீடு வரை தாங்கும். ஓங்கி அழுத்தினால் உடைந்துவிடும்.

விளக்கு, ஆன்லைனில் வாங்கும்போது ஏமாறும் பொருள். 18650 என்ற ரீசார்ஜ் பேட்டரி மேல் 9900 எம்.ஏ.எச். (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற அளவு) என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் நல்ல நிறுவனங்கள் தருவதே 3500 வாக்கில்தான். பென்சில் செல் போடும் எளிய தலைவிளக்கு வாங்கி, மாற்றுச் செல் ஒரு ஜோடி வையுங்கள். போன் வெளிச்சத்தை நம்பி இறங்கினால் ஒரு கை அதற்கே போய்விடும்.

பழைய சாமான் வாங்குவதானால் இரண்டே சோதனை. ஷூவின் நடு அடியை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தாலோ பொடியாக உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். பி.யு. அடி உபயோகிக்காமல் அலமாரியில் கிடந்தாலும் காற்றின் ஈரத்தால் சிதையும், பார்க்கப் புதிது போலவே இருந்து முதல் நடையில் கழன்று விழும். ஜாக்கெட்டின் உட்பூச்சை முகர்ந்து பாருங்கள்; புளித்த வாந்தி நாற்றமும் ஒட்டும் தன்மையும் இருந்தால் அதே நோய், வெளுத்துச் சரிசெய்ய முடியாது.

வாங்கியபின் துவைப்பதில் ஒரு சங்கதி. பாலியெஸ்டர் டி-சர்ட்டுக்கும் மழைச்சட்டைக்கும் வாசனை கண்டிஷனர் போடாதீர்கள். அது நூலின் மேல் மெழுகுபோல் படிந்து வியர்வை பரவுவதைத் தடுக்கும். மழைச்சட்டையைக் கொஞ்சம் சவுக்காரத்தில் கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். முழுக்கக் காய்ந்தபின் மடித்து வைப்பதைவிட ஆணியில் மாட்டி வைப்பது நல்லது. மடிப்பு விழும் இடத்தில்தான் பூச்சு முதலில் வெடிக்கும்.